சளிதான், சரியாயிடும்

ஆடி மாதத்து வால்பாறையில் எதுவும் காயாது. துவைத்த துணி அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் மூன்று நாள் தொங்கும். நான்காம் நாள் புகை வாசத்தோடு எடுத்து உடுத்திக்கொள்வோம். தீப்பெட்டி நமத்துப்போகும், உப்பு கசியும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் கொழுந்து எடுக்கும் பெண்கள் வரை எல்லோருக்கும் மூக்கு ஒழுகும். அதனால் அந்த மாதத்தில் யார் தும்மினாலும் எங்கள் ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

2021 ஜூலையில் எங்கள் நாய் தும்மியபோதும் நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருடம் கோயம்புத்தூர் அறையைக் காலி செய்துவிட்டு அப்பா அம்மாவோடு எஸ்டேட் லைன் வீட்டில் இருந்தேன். வீட்டிலிருந்து வேலை. லைனுக்கு மேலே இருக்கும் மேட்டில்தான் டவர் கிடைக்கும். அங்கே தார்ப்பாய் கட்டி, லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். காலடியில் டஸ்ட் படுத்திருக்கும். அப்பா தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை பார்ப்பவர். குட்டியைத் தூக்கி வந்த அன்று அதன் நிறத்தைப் பார்த்து, "நம்ம டஸ்ட் கிரேடு மாதிரியே இருக்குடா" என்றார். அதுவே பேராகிவிட்டது. தும்மல் தொடங்கியபோது அதற்கு ஏழு மாதம்.

"அதுக்கும் சளி புடிச்சிருச்சு" என்றாள் அம்மா. வீட்டில் யாருக்குச் சளி என்றாலும் நடப்பது நடந்தது. கற்பூரவள்ளி கசக்கிச் சாறு, மஞ்சள், அடுப்புப் பக்கத்தில் ஒரு சாக்கு. இரவில் உடம்பு சுட்டபோது எங்களுக்குப் போடும் காய்ச்சல் மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தடுத்தேன். மனிதர்களுக்கான வலி, காய்ச்சல் மாத்திரைகள் பலவும் நாயின் வயிற்றையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை என்று எங்கோ படித்திருந்தேன். அந்தப் பத்து நாளில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

மறுநாள் மேட்டில் உட்கார்ந்து தேடினேன். நாய்களுக்கு வரும் சளி பற்றி ஏகப்பட்ட பக்கங்கள். நமக்குச் சளி தரும் வைரஸ்கள் வேறு, அவற்றுக்கு வருவன வேறு. 'கெனல் காஃப்' என்று ஒன்று இருக்கிறது. பல நாய்கள் ஒன்றாக இருக்கும் இடத்தில் ஒன்றிடமிருந்து ஒன்றுக்குத் தொற்றும் இருமல். தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல வறட்டுத்தனமாக இருமும், கடைசியில் ஓங்கரித்து நுரை கக்கும். 'போர்டடெல்லா' என்ற பாக்டீரியாவும் ஒன்றிரண்டு வைரஸ்களும் சேர்ந்து செய்கிற வேலை. நம் ஊர்க் குழந்தைகளுக்கு வந்துகொண்டிருந்த கக்குவான் இருமலின் கிருமிக்கு அந்த போர்டடெல்லா சொந்தக்காரன். பெரும்பாலான நாய்களுக்கு ஒன்று முதல் மூன்று வாரத்தில் தானாகச் சரியாகிவிடும்.

தானாகச் சரியாகிவிடும். அந்த வரியோடு தேடலை நிறுத்திக்கொண்டேன். மென்பொருள் வேலையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு பிழை வந்தால், நாம் ஏற்கெனவே நம்ப விரும்பும் காரணம் முதலில் கண்ணில் பட்டதும் பதிவேட்டின் மிச்ச வரிகளைப் படிக்க மாட்டோம். அதே பக்கத்தில் கீழே, 'இவையெல்லாம் இருந்தால் காத்திருக்க வேண்டாம்' என்றொரு பட்டியல் இருந்தது. நாய் சாப்பிடாமல் இருப்பது, கண்ணிலும் மூக்கிலும் கெட்டியாக மஞ்சள் பச்சையாக வடிவது, காய்ச்சல், மூச்சு வாங்குவது, பேதி, ஊசி முழுமையாகப் போடாத குட்டியாக இருப்பது. அதை நான் படித்தது பத்து நாள் கழித்து.

நான்காம் நாள் சாயங்காலம் கீழ் வீட்டு அக்கா மேட்டுக்கு ஏறி வந்தார். அவர் வீட்டு ராணிக்கு மூன்று வயது. மேலும் கீழும் இருக்கும் இரண்டு லைனுக்கும் அவள்தான் காவல். இரவெல்லாம் விறகுக் கொட்டகையில் படுத்திருந்து, பன்றி வந்தால் ஒரு மாதிரியும் சிறுத்தை வந்தால் வேறு மாதிரியும் குரைப்பாள். சிறுத்தை என்றால் இரண்டு குரைப்பு, அப்புறம் ஒரே ஓட்டமாக வந்து கதவை முட்டுவாள், அக்கா திறந்து உள்ளே விட்டுக்கொள்வார்.

"தம்பி, ராணிக்கும் மூக்கு ஒழுகுது. ஒங்க டஸ்ட்டுக்கும் இருக்காமே. நெட்டுல பாத்தியா, என்னன்னு போட்டிருக்கான்?"

"சளிதான் அக்கா. ஒரு வாரத்துல சரியாயிடும்."

"புள்ளைக்கு ஒட்டிக்காதுல்ல?"

"மனுசங்களுக்கு வராது அக்கா."

இரண்டாவது பதில் சரி. அதைச் சொன்ன தெம்பிலேயே முதல் பதிலையும் சொல்லியிருந்தேன். அந்த லைனில் பொறியியல் படித்தவன் நான் ஒருவன். ரேஷன் கார்டு திருத்தம், பிஎஃப் பணம், தடுப்பூசிப் பதிவு எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். நான் சொன்னால் போதும். அக்கா நிம்மதியாக இறங்கிப் போனார்.

ஐந்தாம் நாள் டஸ்ட்டுக்குச் சுடுவது நின்றது. கஞ்சி குடித்தது, வாலாட்டியது. "பாத்தியா, கற்பூரவள்ளி" என்றாள் அம்மா. எட்டாம் நாள் திரும்பவும் சுட்டது. இந்த முறை கண் இரண்டும் பீளை கட்டி ஒட்டிக்கொண்டன. மூக்கில் வடிந்தது தண்ணீராக இல்லை. இருமும்போது விலா எலும்பு உள்ளே போய் வந்தது. ஊருக்குள்ளேயே கால்நடை மருந்தகம் இருந்தது. எட்டு நாள் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒன்பதாம் நாள், தெரிந்தவர் ஒருவரின் கார் கீழே இறங்குவதாகச் சொன்னார்கள். டஸ்ட்டைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் பொள்ளாச்சி போனோம். ஆழியாறு வந்ததும் வெயில் அடித்தது. பத்து நாளில் நான் பார்த்த முதல் வெயில்.

பொள்ளாச்சி டாக்டர் நாயைத் தொடுவதற்கு முன்னால் எங்களைக் கேட்டார்.

"ஏனுங் தம்பி, ஊசியெல்லாம் போட்டிருக்கீங்ளா?"

"போட்டாச்சுங் டாக்டர். வெறிநாய் ஊசி."

"அதில்லீங். மத்த ஊசி?"

மற்ற ஊசி என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. நாய்க்கு ஊசி என்றால் எங்கள் பக்கம் ரேபீஸ் ஊசிதான். வருடா வருடம் ஜூலை 6 அன்று, லூயி பாஸ்டர் 1885இல் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக அந்தத் தடுப்பூசியைப் போட்ட நாளின் நினைவாக, கால்நடை மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுவார்கள். மனிதரைக் கொல்லும் நோய் என்பதால் அதற்கு முகாம் உண்டு. நாயை மட்டும் கொல்லும் நோய்களுக்கான கூட்டு ஊசியை நாம்தான் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவையாகப் பதினாறு வாரம் வரை. ஒரே ஊசி ஏன் போதாது என்றால், தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியை வேலை செய்யவிடாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும்.

டாக்டர் டஸ்ட்டின் உள்ளங்காலை அழுத்திப் பார்த்தார். கண்ணிலிருந்து பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் எடுத்து, சின்ன வெள்ளைப் பட்டையில் சொட்டு விட்டார். இரண்டு மாதம் முன்னால் எங்கள் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த அதே மாதிரிப் பட்டை. இரண்டு கோடு விழுந்தது.

"இது சளி இல்லீங் தம்பி. டிஸ்டெம்பர்."

"செவத்துக்கு அடிக்கிறதுங்களா?" என்றார் அப்பா, நிஜமாகவே புரியாமல்.

டாக்டர் சிரிக்கவில்லை. ரொம்பப் பேர் அப்படிக் கேட்பார்கள் போல. பிற்பாடு தேடிப் பார்த்தேன். இரண்டும் ஒரே லத்தீன் சொல்லின் வழி வந்தவைதான். கலப்பது என்ற பொருளில் சுவர்ச் சாயமும், உடம்பின் கலவை சரியில்லாமல் போவது என்ற பொருளில் நோயும்.

டிஸ்டெம்பர் வைரஸ் நம் தட்டம்மை வைரஸின் நெருங்கிய உறவு. மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோயும் அதே குடும்பம்தான். 2011இல் அதை உலகிலிருந்தே ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். டிஸ்டெம்பர் மூச்சு வழியாக உள்ளே போய் முதலில் நோய் எதிர்ப்பு அணுக்களையே பிடிக்கிறது. அப்போது ஒரு காய்ச்சல் வந்து தணியும். அந்த இடைவெளியில்தான் எங்கள் அம்மாவைப் போன்றவர்கள் கற்பூரவள்ளியைப் பாராட்டுகிறார்கள். அடுத்து நுரையீரல், குடல், தோல் என்று பரவும்போது இரண்டாவது காய்ச்சல். வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் சளிதான். பிழைத்துவிட்டது என்று நினைத்து ஒன்றிரண்டு வாரம் கழித்து, சில சமயம் மாதங்கள் கழித்தும், வைரஸ் மூளையில் வேலையைக் காட்டும். தாடை தானாக மெல்லும், கால் வெட்டும், வலிப்பு வரும்.

மருந்து கிடையாது. கூடவே வரும் பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாட்டிக், உடம்பு வற்றாமல் இருக்க டிரிப், கண் மூக்கைத் துடைத்துவிடுவது, அவ்வளவுதான். மற்றதை நாயின் உடம்பு பார்த்துக்கொள்ள வேண்டும்.

"மொதல் நாளே கொண்டாந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

"அதச் சொல்ல முடியாதுங். ஆனா மத்த நாய்ககிட்ட இருந்து பிரிச்சு வெச்சிருக்கலாமுங்." கொஞ்சம் நிறுத்தி, "ஒங்க லைன்ல இன்னும் எத்தன நாய் இருக்குதுங்?"

அப்போதுதான் ராணி ஞாபகம் வந்தது. அதோடு இன்னொன்றும். ஜூன் கடைசியில் மேல் லைனில் இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன. 'சளி கட்டி' என்று சொல்லிக்கொண்டார்கள். டஸ்ட் அவற்றோடு விளையாடிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். டிஸ்டெம்பர் வைரஸ் வெயிலிலும் சூட்டிலும் சீக்கிரம் செத்துவிடும். குளிரிலும் ஈரத்திலும்தான் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். எதுவும் காயாத ஊரில் அதற்கு என்ன குறை.

மலை ஏறி வந்ததும் டஸ்ட்டை உள்ளே படுக்கவைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மழையில் நின்றபடியே சொன்னேன். "அக்கா, நான் தப்பா சொல்லிட்டேன். இது பெரிய வியாதி. ராணிய உள்ள வையுங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டலாம்."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ராத்திரியே போயிருச்சு தம்பி" என்றார்.

நாங்கள் விடியற்காலை இருட்டிலேயே கிளம்பிவிட்டதால் தெரியவில்லை. முதல் நாள் இரவு ராணி வழக்கம்போல விறகுக் கொட்டகையில் படுத்திருந்திருக்கிறாள். வெறும் சளிதானே, காவலுக்கு இருக்கட்டும் என்று அக்காவும் விட்டுவிட்டார். குரைப்பு கேட்கவில்லை. கதவு முட்டும் சத்தமும் இல்லை. காலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு பாதை மடங்கிக் கிடந்தது. பத்தடி தள்ளி அவள் கழுத்துக் கயிறு.

"கொரைக்க முடியல போல. தொண்ட அடச்சிருந்துச்சுல்ல" என்றார். என்னைக் குற்றம் சொல்கிற குரலாக இல்லை. "ஒங்க டஸ்ட்டுக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். அதற்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரங்களில் டஸ்ட்டுக்கு மணிக்கு ஒரு தரம் ஸ்பூனில் கஞ்சித் தண்ணீர் புகட்டியபடி, தூக்கம் வராத இரவுகளில், நான் முன்பே படித்திருக்க வேண்டியதையெல்லாம் படித்தேன். பெரியம்மைக்குத் தடுப்பூசி கண்ட எட்வர்ட் ஜென்னர் 1809இலேயே டிஸ்டெம்பரின் அறிகுறிகளை விவரித்து எழுதியிருக்கிறார். அதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்று 1905இல் ஹென்றி கார்ரே என்ற பிரெஞ்சுக்காரர் காட்டினார். 1920களில் இங்கிலாந்தில் வேட்டை நாய்கள் சாவதைப் பொறுக்காமல் 'தி ஃபீல்ட்' என்ற பத்திரிகை நிதி திரட்டியது. அந்தப் பணத்தில் லெயிட்லாவும் டன்கினும் தடுப்பூசி கண்டார்கள். ஆய்வுக்கு அவர்கள் வளர்த்தது ஃபெரட் என்கிற, கீரி மாதிரியான ஒரு பிராணி. அதற்கும் டிஸ்டெம்பர் வரும். 1933இல் அதே ஆய்வுக்கூடத்தில் அதே ஃபெரட்டின் மூக்கில்தான் மனிதரின் ஃப்ளூ வைரஸை முதன்முதலாகப் பிடித்தார்கள். நாய்ச் சளியைப் பற்றிக் கவலைப்பட்டதால் நம் சளிக்காய்ச்சல் பிடிபட்டது. ஏறக்குறைய நூறு வருடமாகத் தடுப்பூசி இருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. வால்பாறைக்கும் அதற்கும் நடுவில் இருந்தது 40 வளைவுகள்தான். அதைவிட, என்னைப் போன்ற ஒருவன் 'சளிதான்' என்று சொன்னது.

இன்னொன்றையும் படித்தேன். அதைப் படித்த இரவு தூங்கவே இல்லை. 1994இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் சுமார் 1000 சிங்கங்கள் டிஸ்டெம்பரில் செத்தன. அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு. காட்டைச் சுற்றியிருந்த ஊர் நாய்களிடமிருந்து வந்திருக்கும் என்றார்கள். 2018 செப்டம்பர், அக்டோபரில் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் செத்தபோதும் அவற்றில் இதே வைரஸ் இருந்தது. அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி வரவழைத்துச் சிங்கங்களுக்குப் போட்டார்கள். மகாராஷ்டிராவின் நன்னஜ் கானமயில் சரணாலயத்தைச் சுற்றிய கிராமங்களில் நாய்களின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வாளர்கள், மிகப் பெரும்பாலானவற்றுக்கு டிஸ்டெம்பர் வந்து போயிருப்பதைக் கண்டார்கள். அங்கே குள்ளநரிகளும் அதில் செத்திருக்கின்றன.

வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். நான்கு பக்கமும் காடு. ஆனைமலைப் புலிகள் காப்பகம் எங்கள் கொல்லையில் தொடங்குகிறது. சோலைத் துண்டுகளில் செந்நாய் வரும். சிறுத்தை வேலிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை. இங்கே பல வருடமாக வேலை செய்யும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் சிறுத்தையின் எச்சத்தைச் சோதித்து, அது தின்பதில் மிகப் பெரும்பகுதி காட்டு விலங்குகள்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். கடமான், கேளையாடு, முள்ளம்பன்றி. நாய் எப்போதோ ஒன்று. அந்த எப்போதோ ஒன்று, மூக்கும் கண்ணும் வடிந்துகொண்டிருந்த ராணியாக இருந்தது. அந்தச் சிறுத்தைக்கு என்ன ஆனது? அது மறுபடியும் எங்கள் லைன் பக்கம் வரவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. லைனில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் தேயிலைக்குள் எங்கேயாவது நாற்றம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டஸ்ட் பிழைத்தது. மூன்றாம் வாரம் அதன் இடது முன்னங்கால் வெட்டத் தொடங்கியது. நொடிக்கு ஒரு தரம், தூங்கும்போதும் நிற்காமல். கருணைக்கொலை பற்றி டாக்டர் போனில் மெதுவாகச் சொன்னார். வலிப்பு வந்தால் யோசிப்போம் என்று அப்பா சொல்லிவிட்டார். வலிப்பு வரவில்லை. கால் மட்டும் இன்றுவரை வெட்டிக்கொண்டே இருக்கிறது. "ரோலர் ஓடுது பாரு" என்பார் அப்பா. நடக்கும், ஓடும், சோறு கேட்டுக் கத்தும். முகத்தைப் பார்த்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும்.

அந்த செப்டம்பரில் லைனில் மிச்சமிருந்த ஆறு நாய்களுக்கும் ஊசி போட்டோம். குளிர் போகாமல் கொண்டுவர வேண்டும் என்பதால் பொள்ளாச்சியிலிருந்து தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் வைத்துத் தூக்கி வந்தேன். வளைவுக்கு வளைவு திறந்து பார்த்தேன். ஊருக்குள் வந்ததும் கால்நடை மருந்தகத்திலிருந்து ஒருவர் வந்து போட்டுவிட்டார். காசு நான் கொடுத்தேன். பெரிய மனது என்று லைனில் பேசிக்கொண்டார்கள். அக்கா மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஊசி போடும்போது ஒவ்வொரு நாயாகப் பிடித்துக்கொடுத்தார்.

இப்போது நான் திரும்பவும் கோவையில் இருக்கிறேன். போன ஆடியில் ஒரு மத்தியானம், மீட்டிங் நடுவில், அக்காவிடமிருந்து போன். புதுக் குட்டி ஒன்று வாங்கியிருந்தார்.

"தம்பி, குட்டி தும்முது. நெட்டுல கொஞ்சம் பாத்து சொல்லுப்பா."

இன்னமும் என்னைத்தான் கேட்கிறார். மீட்டிங்கை அணைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன்.

"சாப்பிடுதா அக்கா?"

"சாப்பிடுது."

"கண்ணுல பீளை?"

"இல்ல. தண்ணியா ஒழுகுது, அவ்ளோதான்."

"மூணாவது ஊசி போட்டாச்சா?"

"ரெண்டு போட்டாச்சு. மூணாவது அடுத்த வாரம்னாங்க."

அநேகமாக அது சளிதான். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"எனக்குத் தெரியல அக்கா. மத்த நாய்ககிட்ட விடாதீங்க, ராத்திரி உள்ள வையுங்க. இப்பவே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க. போயிட்டு எனக்குக் கூப்பிடுங்க."

"இந்த மழையிலயா?"

"இந்த மழையிலதான் அக்கா."

சாயங்காலம் ஆறு மணிவரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.